பைத்தனும் வலையமைப்பும் ஒரே மேசைக்கு வரட்டும்: யட்டவத்த இளையோருக்கு ஒரு திறந்த மடல்

யட்டவத்தவிலும் அதைச் சுற்றியுள்ள மாத்தளைப் பிரதேசங்களிலும் உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கின்ற, படித்து முடித்த தம்பி தங்கையருக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,



உயர்தர ஐ.சி.டி. பாடத்திட்டத்தில் கணினி வலையமைப்புக்கு ஓர் அலகு இருக்கிறது. ஓ.எஸ்.ஐ. அடுக்குகள், ஐ.பி. முகவரி, துணைவலைகளாகப் பிரித்தல் எல்லாம் அங்கே வருகின்றன. செய்நிரலாக்கத்துக்கு இன்னோர் அலகு இருக்கிறது. அதற்கான மொழி பைத்தன். இரண்டையும் படிப்பவர் ஒரே மாணவர்தான். ஆனால் பரீட்சைத் தாளில் அவை தனித்தனி வினாக்களாக வருகின்றன. பரீட்சை முடிந்ததும் தனித்தனியாகவே மறக்கப்படுகின்றன. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வங்கிகளும் தரவு மையங்களும் இன்று ஆள் தேடுவது இந்த இரண்டு அலகுகளும் சந்திக்கும் இடத்தில். அங்கே நடக்கும் வேலைக்கு வலையமைப்புச் சேவைத் தன்னியக்கம் என்று பெயர். அதில் உயர்நிலைப் பயிற்சி என்பது என்ன, எதை எந்த ஒழுங்கில் கற்க வேண்டும், மிளகும் கொக்கோவும் விளையும் உங்கள் ஊரில் இருந்தபடியே எப்படித் தொடங்கலாம் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் களத்தில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு வங்கி மாத்தளையில் புதிய கிளை திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் பொறியியலாளர் கிளைக்கு முகவரி ஒதுக்க வேண்டும். அருகிலுள்ள சுவிட்சில் வீலான் எண் போட வேண்டும். விளிம்பிலுள்ள ரவுட்டரில் வி.பி.என். அமைக்க வேண்டும். தலைமை அலுவலகத்தின் ஃபயர்வோலில் வழி திறக்க வேண்டும். கடைசியாகக் கண்காணிப்புப் பட்டியலில் கிளையின் பெயரைச் சேர்க்க வேண்டும். நான்கைந்து கருவிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து கட்டளைகளைக் கையால் தட்டச்சு செய்கிறார். மூன்றாவது கருவியில் ஓர் இலக்கம் பிழைத்தால் முதல் இரண்டிலும் செய்த வேலை அரைகுறையாக அப்படியே கிடக்கும். கிளை என்றாவது மூடப்படும்போது யார் எந்தக் கருவியில் எதை அழிக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. இப்படிச் சேர்ந்த பழைய கொன்பிக் (கருவி அமைப்பு) வரிகளால்தான் பெரிய வலையமைப்புகள் தொட அஞ்சும் நிலைக்கு வருகின்றன.

இந்தக் குறையை வலையமைப்பு நடத்துபவர்கள் வெளிப்படையாகச் சொன்ன ஒரு தருணம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 2002 ஜூன் 4 முதல் 6 வரை அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து ரெஸ்டன் நகரில் ஐ.ஏ.பி. எனப்படும் இணையக் கட்டமைப்புச் சபை ஒரு பயிலரங்கை நடத்தியது. நெறிமுறைகளை எழுதுபவர்களும் வலையமைப்புகளை அன்றாடம் இயக்குபவர்களும் எதிரெதிரே அமர்ந்தார்கள். எஸ்.என்.எம்.பி. நெறிமுறை 1988 முதலே இருந்தது; ஆனால் அது கருவிகளைக் கண்காணிக்கப் பயன்பட்ட அளவுக்கு அவற்றை அமைக்கப் பயன்படவில்லை. இயக்குபவர்கள் தமக்கு வேண்டியதைப் பட்டியலிட்டார்கள். தனித்தனிக் கருவியை அன்றி முழு வலையமைப்பையும் ஒன்றாக அமைக்க முடிய வேண்டும். பல கருவிகளில் செய்யும் மாற்றம் ஒரே பரிவர்த்தனையாக நிகழ வேண்டும். கொன்பிக்கை முழுமையாக எடுத்து வைக்கவும் திரும்பப் போடவும் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிய வேண்டும். 2003 மே மாதம் அந்தப் பயிலரங்கின் அறிக்கை ஆர்.எஃப்.சி. 3535 என்ற ஆவணமாக வெளிவந்தது. அடுத்து வந்த ஏறக்குறைய எல்லாம் அந்தப் பட்டியலுக்கான பதில்களே. 2006 டிசம்பரில் நெட்கொன்ஃப் நெறிமுறை வந்தது. 2010 ஒக்டோபரில் யாங் என்ற தரவு மாதிரி மொழி வந்தது. அதன் திருத்திய பதிப்பு 2016 ஓகஸ்டில் வந்தது.

பரிவர்த்தனை என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். உயர்நிலைப் பயிற்சியின் உயிர்நாடி அதுதான். வங்கியில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும்போது இங்கே கழிந்தால் அங்கே சேர வேண்டும். சேராவிட்டால் இங்கே கழியக் கூடாது. வலையமைப்பிலும் அதேதான். ஐந்து கருவிகளில் நான்கு மாற்றத்தை ஏற்று ஐந்தாவது மறுத்தால் நான்கும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

தொடக்கநிலைப் பயிற்சிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. அவை கற்பிப்பது இப்படி: பைத்தனில் நெட்மிக்கோ நூலகத்தை எடுங்கள், கருவிகளின் பட்டியலை எழுதுங்கள், ஒரு சுழற்சிக்குள் ஒவ்வொன்றுக்கும் கட்டளைகளை அனுப்புங்கள். கேர்க் பையர்ஸ் உருவாக்கிய நெட்மிக்கோ மிகப் பயனுள்ள நூலகம். பல உற்பத்தியாளர்களின் கருவிகளோடு எஸ்.எஸ்.எச். வழியே பேசும் தொல்லையை அது தீர்த்து வைத்தது. முதல் படியாக அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் கையால் தட்டியதை வேகமாகத் தட்டும் செய்நிரல் மட்டுமே அது. பிழையும் அதே வேகத்தில் எல்லாக் கருவிகளுக்கும் போகும்.

சேவைத் தன்னியக்கம் கேள்வியையே மாற்றுகிறது. “இந்த ரவுட்டரில் என்ன கட்டளை?” என்று அது கேட்பதில்லை. “இந்த வாடிக்கையாளருக்கு என்ன சேவை?” என்று கேட்கிறது. அதை உங்கள் மாவட்டத்தை வைத்தே செய்து பார்க்கலாம்.

மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்த உட்பட 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பயிற்சிக்காக இந்த 11 அலுவலகங்களையும் இணைக்கும் ஒரு சேவையை வடிவமையுங்கள். 10.66.0.0/20 என்ற முகவரித் தொகுதியை எடுத்து /24 ஆகப் பிரித்தால் 16 துணைவலைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 254 முகவரிகள் பயன்படும். 11 அலுவலகங்களுக்குக் கொடுத்தபின் 5 மிஞ்சும். இந்தக் கணக்கை உங்களில் பலர் தாளில் போட்டிருப்பீர்கள். பைத்தனோடு சேர்ந்தே வரும் ஐபிஅட்ரஸ் நூலகம் இதை ஒரே வரியில் செய்துவிடும்.

இனி ஓர் அலுவலகத்தை விவரிக்க என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள். அலுவலகத்தின் பெயர், அது இணையும் ரவுட்டர், வீலான் எண், துணைவலை, வேக வரம்பு. இவற்றில் எது கட்டாயம், எது விருப்பம்? வீலான் எண் 1க்கும் 4094க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். ஒரே துணைவலை இரண்டு அலுவலகங்களுக்குப் போகக் கூடாது. இந்த விதிகளோடு எழுதப்படும் விவரமே தரவு மாதிரி. யாங் மொழி அதற்காகவே உருவானது. மாதிரி சரியாக இருந்தால் பிழையான தரவு எந்த ரவுட்டரையும் எட்டுமுன் வாசலிலேயே மறுக்கப்படும். பைத்தனின் வேலை அதற்குப் பின் தொடங்குகிறது. மாதிரியில் உள்ளதை வாசித்து, கணக்கிட வேண்டியதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் உரிய கொன்பிக்கை உருவாக்குகிறது.

அடுத்து வரும் கேள்விதான் கடினமானது. பன்னிரண்டாவதாக ஓர் அலுவலகம் சேர்ந்தால், ஓர் அலுவலகத்தின் வேகம் மாறினால், ஒன்று இடம் பெயர்ந்தால் என்ன செய்வது? சேர்க்க ஒரு செய்நிரல், மாற்ற ஒன்று, அழிக்க ஒன்று என்று எழுதிக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் அவை ஒன்றுக்கொன்று முரண்படும். சுவீடனில் இயங்கிய டெயில்-எஃப் நிறுவனம் இதற்கு ஒரு நல்ல விடை கண்டது. யாங் ஆவணத்தின் பதிப்பாசிரியர் மார்ட்டின் பியோர்க்லுண்ட் அங்கே பணியாற்றியவர். 2014இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை 175 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் மென்பொருள் இன்று என்.எஸ்.ஓ. என்று அறியப்படுகிறது. அதில் சேவையை எழுதுபவர் உருவாக்கும் பகுதியை மட்டும் எழுதினால் போதும். எந்தச் சேவை எந்தக் கருவியில் எந்த வரியைப் போட்டது என்பதை மென்பொருள் நினைவில் வைத்திருக்கும். மாற்றம் வரும்போது உருவாக்கும் பகுதியை மீண்டும் ஓட்டி, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கருவிகளுக்கு அனுப்பும். அழிக்கும்போது தான் போட்டதை மட்டும் எடுக்கும். இந்த முறைக்கு ஃபாஸ்ட்மேப் என்று பெயர். பைத்தன் அறிந்தவர்களுக்கான என்.எஸ்.ஓ. உயர்நிலைப் பயிற்சியின் பெரும்பகுதி இதைச் சுற்றியே வருகிறது: சேவை மாதிரி எழுதுதல், பைத்தனில் அதைக் கருவிகளோடு பொருத்துதல், அனுப்புமுன் ஒத்திகை பார்த்தல், பல கட்டங்களாக நிறைவேறும் சேவைகளைக் கையாளுதல், பிழை வந்தால் தடம் பிடித்தல்.

எந்த நிறுவனத்தின் மென்பொருளில் கற்றாலும் இந்த எண்ணமுறைதான் கையில் மிஞ்ச வேண்டும். கருவிகள் மாறும்; ஆனால், என்ன சேவை வேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதி அதிலிருந்தே எல்லாவற்றையும் பிறப்பிக்கும் பழக்கம் எங்கும் உதவும்.

இனி, தன்னியக்கத்தால் வந்த சேதங்களையும் நேராகப் பார்க்க வேண்டும். 2021 ஒக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணிநேரம் உலகெங்கும் நின்றன. முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிட, பராமரிப்பு வேளையில் ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அது தரவு மையங்களுக்கு இடையிலான எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்க ஒரு சோதிப்புக் கருவி இருந்தது; அதிலிருந்த ஒரு பிழையால் அது தடுக்கவில்லை. பாதுகாப்புக்கு எழுதிய செய்நிரலையும் யாராவது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டு கனடாவில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 2022 ஜூலை 8 அதிகாலை ரோஜர்ஸ் நிறுவனம் தன் மைய வலையமைப்பை மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஏழு கட்டங்கள் கொண்ட வேலையில் அது ஆறாவது. ஒரு ரவுட்டரிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. உடனே பெருந்தொகையான வழித்தடத் தகவல்கள் மையத்துக்குள் பாய்ந்து மைய ரவுட்டர்கள் செயலிழந்தன. 1 கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தார்கள். 911 அவசர அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. பின்னர் வந்த விசாரணையில் இரண்டு விடயங்கள் தெரிந்தன. தொடக்கத்தில் இந்த வேலை அதிக ஆபத்துள்ளது என்றே மதிப்பிடப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடி முடிந்ததால், ஆபத்தைக் கணிக்கும் நிரல்முறை ஆறாவது கட்டத்தைக் குறைந்த ஆபத்து என்று தரம் இறக்கியிருந்தது. அத்துடன், வலையமைப்பை நிர்வகிக்கும் வழியும் அதே மையத்தின் மீதே ஓடியது. அதனால் பொறியியலாளர்களால் தங்கள் சொந்தக் கருவிகளுக்குள் நுழைய முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய 14 மணிநேரம் போனது. நிர்வாகத்துக்குத் தனி வழி இருக்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டிலும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்வு உண்டு. 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரச மேகக் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து இழக்கப்பட்டது. காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள் பதிப்பு பயன்பாட்டில் இருந்ததும் வெளியானது. அது வழங்கிகளின் கதை, ரவுட்டர்களின் கதையன்று. ஆனால் காப்புப் பிரதி எடுப்பதும், அது உண்மையில் திரும்பப் போடக்கூடியதா என்று நாள்தோறும் சோதிப்பதும், பழைய பதிப்புகளைப் பட்டியலிட்டு எச்சரிப்பதும் மனிதரின் ஞாபகத்தை நம்பி விடக்கூடாத வேலைகள். உங்கள் முதல் பைத்தன் செய்நிரல் அதுவாகவே இருக்கட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை உட்பட மலைநாட்டை உலுக்கியதை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீதிகளும் மின்சாரமும் போனபோது தொலைத்தொடர்பும் பல இடங்களில் போனது. மண்சரிவில் அறுந்த ஃபைபரை எந்தச் செய்நிரலும் ஒட்ட வைக்காது. ஆனால் மிஞ்சிய வழிகள் எவை, அவற்றில் எந்தச் சேவையை முதலில் திருப்புவது, வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்னுரிமை எப்படிக் கொடுப்பது என்பவற்றை முன்கூட்டியே மாதிரியாக எழுதி ஒத்திகை பார்த்து வைத்திருக்கலாம். மலைநாட்டில் பிறந்த ஒருவர் இந்தத் துறைக்குள் போனால் அந்த ஒத்திகையை அக்கறையோடு செய்வார்.

எந்த ஒழுங்கில் கற்பது? அடிப்படை இல்லாமல் உயர்நிலைக்குத் தாவ வேண்டாம். ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. என்ற வழிப்படுத்தல் நெறிமுறைகள் இரண்டும் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று கையால் அமைத்துப் பார்த்தவருக்கே, தான் எதைத் தன்னியக்கமாக்குகிறார் என்று புரியும். அடுத்து நெட்மிக்கோவால் கருவிகளிலிருந்து தகவல் எடுங்கள். எடுக்க மட்டும், மாற்ற வேண்டாம். கொன்பிக்கை நாள்தோறும் கோப்பில் சேமித்து, நேற்றையதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை கிட் களஞ்சியத்தில் பதிவு செய்யுங்கள். அதன் பின் நேபாம் நூலகத்துக்குப் போங்கள்; டேவிட் பரோசோவும் எலிசா யசின்ஸ்காவும் தொடங்கிய அது, மாற்றத்தை முதலில் ஒப்பிட்டுக் காட்டி, பிறகு உறுதி செய்து, வேண்டுமானால் பின்வாங்கவும் வழி தருகிறது. ஒரே நேரத்தில் பல கருவிகளோடு வேலை செய்ய நோர்னிர் உதவும். அலுவலகங்கள், முகவரிகள், கருவிகள் பற்றிய உண்மை நிலவரத்தை ஒரே இடத்தில் வைக்க நெட்பொக்ஸ் உதவும்; டிஜிட்டல் ஓஷன் நிறுவனத்தில் ஜெரமி ஸ்ட்ரெச் உருவாக்கிய அது 2016இல் திறந்த மூலமாக வெளிவந்தது. இவ்வளவும் கைவந்தபின் யாங், நெட்கொன்ஃப், பிறகு என்.எஸ்.ஓ. போன்ற சேவை மேலாண்மை மென்பொருள். ஒவ்வொரு படியிலும் பைடெஸ்ட் கொண்டு சோதனை எழுதும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

இதற்கு விலை உயர்ந்த ரவுட்டர்கள் தேவையில்லை. எஃப்.ஆர்.ஆர். என்ற திறந்த மூல வழிப்படுத்தல் மென்பொருளைக் கொண்டெய்னர்லாப் மூலம் ஓட்டினால், 8 ஜி.பி. நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினியில் அந்த 11 அலுவலகங்களையும் எழுப்பிவிடலாம். என்.எஸ்.ஓ. மென்பொருளையும் பயிற்சிக்காகக் கட்டணமின்றித் தரவிறக்கலாம். போலிக் கருவிகளை உருவாக்கும் வசதி அதனுடனேயே வருகிறது. ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு ஐ.பி. முகவரிகளை ஒதுக்கும் ஏப்நிக் அமைப்பின் இணையவழிக் கல்விக்கூடத்தில் பாடங்களும் ஆய்வுகூடப் பயிற்சிகளும் இலவசம். ஒரெகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.எஸ்.ஆர்.சி. தன் பயிலரங்குப் பாடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சான்றிதழ் நாடுபவர்களுக்கு ஒரு தகவல்: இன்றைய சி.சி.என்.ஏ. பரீட்சையிலேயே 10 வீதம் தன்னியக்கத்துக்கும் செய்நிரலாக்கத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழைய முறையில் படித்தவர்களும் இதைத் தவிர்க்க முடியாது.

மொழி ஒரு தடை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் பைத்தன் தமிழருக்கு அந்நியமானதன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி பைத்தனில் எழுதப்பட்டதே. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. 2008 டிசம்பரில் வந்த பைத்தன் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘அலுவலகம்’, ‘துணைவலை’ என்று எழுதினால் செய்நிரல் ஓடும். பன்னாட்டுக் குழுவோடு வேலை செய்யும்போது ஆங்கிலப் பெயர்கள் வேண்டியிருக்கும். முதன்முதலாக விளங்கிக்கொள்ளும் வேளையில் தாய்மொழியில் எழுதிப் பார்ப்பதை எந்த ஆசிரியரும் தடுக்க வேண்டாம்.

இடத்தாலும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாத்தளையிலிருந்து கண்டி சுமார் 25 கிலோமீற்றர். அதைத் தாண்டியதும் பேராதனை. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் அங்கேதான் மையம் கொண்டிருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முன்னின்று, 1990இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் பரிமாறத் தொடங்கிய முயற்சி அது. அந்தப் பணிக்காக 2014இல் அவர் இணையப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 2020இல் கொவிட் முடக்கத்தின்போது பல்கலைக்கழக விரிவுரைகள் இணையத்துக்கு மாறியதும், மாணவர்கள் டேட்டா கட்டணமின்றிச் சூம் வகுப்புகளில் சேர வழி செய்ததும் லேர்ன்தான். வலையமைப்பு நடத்தும் அனுபவமும் பயிற்சி நடத்தும் அனுபவமும் ஒருங்கே உள்ள நிறுவனம், யட்டவத்தவிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதியும் வரும்வரை மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாடசாலைக் கணினிக்கூடத்தை வாரத்தில் ஒரு நாளாவது அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். துணைவலைக் கணக்கைப் பைத்தனில் செய்து காட்டும் ஒரு பாடவேளை போதும். இரண்டு அலகுகளும் ஒன்றாவதை அவர்கள் அன்றே உணர்வார்கள்.

பல்கலைக்கழகங்களிடமும் தொழிற்பயிற்சி நிறுவனங்களிடமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் கேட்பது இது: உயர்நிலைத் தன்னியக்கப் பயிற்சியைக் கொழும்புக்கும் ஆங்கில மொழிக்கும் மட்டும் உரியதாக வைக்காதீர்கள். மாத்தளையில் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் தரும் ஒரு குழுவை அமையுங்கள். கட்டளைகளை வேகமாக அனுப்பக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல் மாதிரி, ஒத்திகை, பரிவர்த்தனை, பின்வாங்கல் நான்கையும் கற்றுக்கொடுங்கள்.

தம்பி தங்கையரே, நீங்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து 11 அலுவலக மாதிரியைக் கட்டுங்கள். ஓர் அலுவலகத்தைச் சேருங்கள், ஒன்றை அழியுங்கள், வேண்டுமென்றே ஒரு ரவுட்டரை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடந்ததை எழுதி வையுங்கள். பிறகு அந்த மடிக்கணினியோடு பேராதனைக்கோ அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ போய், அடுத்த படியை எங்களுக்குக் கற்றுத்தாருங்கள் என்று கேளுங்கள்.